அறுபத்தோராம் பக்கத்தில் நிறுத்திய ஜமால் மச்சானுக்கு

மேல் கட்டிலில் இருந்த என் பிரியமுள்ள ஜமால் மச்சானுக்கு,

கீழ்க் கட்டில் பன்னீர் எழுதுகிறேன். நலமா என்று கேட்டுத்தான் கடிதத்தைத் தொடங்க வேண்டும் என்று மூன்றாம் வகுப்பில் சொல்லிக் கொடுத்தார்கள். அதற்கு மேல் நான் பள்ளிக்கூடம் போகவில்லை. உங்களிடம் அதை எப்படிக் கேட்பது? நீங்கள் என்னைக் கேட்டால் பதில் சொல்லுவேன். நலம் இல்லை மச்சான். பயமாக இருக்கிறது.

சிரிக்காதீர்கள். பன்னீருக்குப் பயம் என்றால் ரூமில் யாரும் நம்ப மாட்டார்கள். நாலு நாளாக நான் யாரையும் கிண்டல் செய்யவில்லை. நேற்றுச் சமையல் முறை கடற்கரை ஊர்க்காரர் சண்முகத்துடையது. "என்னய்யா, பன்னீரு வாயே தொறக்கல, கொழம்புல உப்பு கூடிப்போச்சா?" என்று அவரே வந்து கேட்டார். குழம்பில் உப்பே இல்லை. அதைக்கூட நான் சொல்லவில்லை.

நம்ம கராஜ் மூடியாகிவிட்டது மச்சான். துபாய்ப் பக்கம் கட்டட வேலை நின்றுபோய், கிரேன் எல்லாம் அப்படியே நிற்கிறது. வண்டி மோதினால்தானே ஷார்ஜாவில் நமக்குச் சோறு? இப்போது ஒடுங்கின வண்டியை ஒடுங்கினபடியே ஓட்டுகிறார்கள். போன மாதம் முதலாளி வந்து என் தோளில் கை வைத்து, "பன்னீர், காம் கலாஸ்" என்றார். கூட வேறு ஏதாவது சொல்வார் என்று அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன். வேலை முடிந்தது என்பதற்கு மேல் சொல்ல அவரிடமும் ஒன்றும் இல்லை. கராஜில் எல்லோருக்கும் விசா கேன்சல். எனக்கு வருகிற வியாழக்கிழமை டிக்கெட்.

ஒரேயடியாக ஊருக்குப் போகிறேன். இப்படிப் போகிறவன் ஒன்று வேலை போச்சே என்று அழ வேண்டும், இல்லை வீட்டுக்குப் போகிறோம் என்று சந்தோஷப்பட வேண்டும். எனக்கு இரண்டும் வரவில்லை. குபூஸ் ரொட்டியைப் பிய்த்து வாயில் வைத்தால் இறங்க மாட்டேன் என்கிறது. ஏன் என்று உங்களுக்குத் தெரியும். உங்களுக்கு மட்டும்தான் சொல்லியிருக்கிறேன்.

இந்தக் கடிதம் வேறு யார் கையிலாவது கிடைத்தால், அவர்களுக்காகவும் சொல்லிவிடுகிறேன். வசந்தா என் மனைவி. கல்யாணமாகிப் பதினெட்டு வருடம். நாலாம் மாதமே நான் இங்கே வந்துவிட்டேன். லீவுக்குப் போய் இருந்த நாட்களை எல்லாம் கூட்டினால் இரண்டு வருடம் தேறாது. மகள் நர்சிங் படிக்கிறாள், விடுதியில் இருக்கிறாள். இனிமேல் அந்த வீட்டில் நானும் வசந்தாவும் மட்டும். காலையில், மத்தியானத்தில், சாயங்காலத்தில். மறுநாளும் அப்படியே. என்ன பேசுவேன் மச்சான்?

என் எழுத்து கொஞ்சம் நாவல் எழுத்து மாதிரி இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். வேறு எழுத்து எனக்குத் தெரியாது. எழுத்துக்கூட்டிக்கொண்டிருந்தவன் வரியாகப் படிக்கக் கற்றது உங்கள் தலைமாட்டில் இருந்த அந்தப் புத்தகங்களில்தான்.

உங்களை நான் கையும் களவுமாகப் பிடித்த நாள் ஞாபகம் இருக்கிறதா? கராஜில் பெயின்ட் அடிக்கிற ஆள் நீங்கள். பெயின்ட் நிறங்கள் அச்சிட்ட கலர் கார்டைப் பார்ப்பது உங்கள் வேலை. ஆனால் லீவு நாளில், கட்டிலில் சாய்ந்துகொண்டு, ஒரு மணி நேரமாக ஒரே கலர் கார்டைப் பார்க்கிற மனிதனை நான் கண்டதில்லை. வெள்ளையில் அப்படி என்ன இருக்கிறது என்று ஏணியில் ஏறிப் பார்த்தால், உள்ளே ஒரு மாத நாவல். அட்டையில் ஒரு பெண் மழையில் நனைந்துகொண்டு சிரித்தாள்.

"எல்லாரும் இங்க பாருங்கப்பா. ஜமால் மச்சான் கொமரிப் புள்ளையோட மழையில நனையிறாரு. யாராச்சும் ஒரு கொடை குடுங்க."

எட்டுப் பேரும் சிரித்தார்கள். நீங்கள் கோபப்படவில்லை. தாடியைத் தடவிக்கொண்டு, "படிக்கத் தெரியாத பய பொறாமையில பேசுறான். கீழ உக்காரு மாப்ளே, படிச்சுக் காட்டுறேன்" என்றீர்கள். அப்படித்தான் அது ஆரம்பித்தது.

அதற்குப் பிறகு எத்தனை வெள்ளிக்கிழமைகள். நீங்கள் தொழுதுவிட்டு வருவீர்கள். சாப்பாடு முடியும். மேல் கட்டிலில் முதுகுக்குத் தலையணை வைத்துக்கொண்டு விட்ட இடத்திலிருந்து தொடங்குவீர்கள். யாரும் கேட்கிற மாதிரி காட்டிக்கொள்ள மாட்டோம். ஒருத்தர் நகம் வெட்டுவார். சண்முகம் ஒரே சட்டையை மூன்று தரம் இஸ்திரி போடுவார். ஆனால் கதாநாயகி கண் கலங்குகிற இடத்தில் இஸ்திரிப் பெட்டி நின்றுவிடும். ஒரு தரம் சட்டையே கருகிப்போனது.

நான்தான் குறுக்கே பேசுகிற ஆள். எல்லாக் கதையிலும் நடுவில் ஒரு இடம் வரும். அவன் கதவுக்கு வெளியே நிற்பான். உள்ளே அவள் யாரிடமோ ஏதோ சொல்லுவாள். பாதியைக் கேட்டுவிட்டு இவன் மூஞ்சியைத் தூக்கிக்கொண்டு போய்விடுவான். அங்கே எனக்கு ஆத்திரமாக வரும்.

"ஏன் மச்சான், இவனுக்கு வாயில என்ன கொழுக்கட்டையா? உள்ள போயி, ஏன்டி அப்புடிச் சொன்னேன்னு கேட்டுத் தொலைய வேண்டியதுதான?"

"அம்பதாம் பக்கத்துலயே கேட்டுப்புட்டா மிச்சம் எழுவது பக்கத்துக்கு அந்தம்மா என்னத்த எழுதுவாங்க? சும்மா இரு."

எனக்கு இன்னொரு குறையும் உண்டு. அந்தப் புத்தகங்களில் துபாய் மாப்பிள்ளை ஒருத்தன் அடிக்கடி வருவான். செண்டு பாட்டில் கொண்டுவருவான், கழுத்தில் சங்கிலி போட்டிருப்பான், பொண்ணு வீட்டில் எல்லோருக்கும் அவனைப் பிடிக்கும். பொண்ணுக்கு மட்டும் பிடிக்காது. கடைசியில் அவன் தோற்றுத் திரும்பிப் போவான். அவள் உள்ளூர் பேங்க் ஆபீசரைக் கட்டிக்கொள்வாள். அதற்குப் பெயர் சுபம்.

"நம்மாளு தோத்தாத்தான் இவங்களுக்கு நல்ல முடிவா மச்சான்? நீங்க எந்தக் கட்சி? அந்த ஆபீசருக்கு ஏன் கை தட்டுறீங்க?" என்று நான் கேட்க, ரூமே உருண்டு சிரித்தது. நானும் சிரித்தேன். அன்றைக்கே எனக்கு உள்ளே ஒரு ஓரத்தில் சில்லென்று இருந்தது. சொல்லவில்லை.

ஒரு நாள் வேலை இல்லாத மத்தியானம், உங்களிடம் கிண்டல் இல்லாமல்தான் கேட்டேன். எல்லாம் ஒரே கதை, கடைசியில் சேர்ந்துவிடுவார்கள் என்று அட்டையைப் பார்த்தாலே தெரிகிறது, அப்புறம் என்னத்துக்குப் படிக்கிறீர்கள் என்று. நீங்கள் கையில் இருந்த பெயின்டைத் துணியில் துடைத்துக்கொண்டே சொன்னீர்கள்.

"நல்லா முடியும்ன்னு தெரியுதுல்ல மாப்ளே. அதனால நடுவுல எம்புட்டு வேணும்னாலும் பயந்துக்கலாம். நம்ம பொழப்புல அப்புடிப் பயப்பட முடியுமா? பயந்தா நெசமாயிருமோன்னு பயந்துகூடப் பாக்க மாட்டோம்."

அன்றைக்கு எனக்கு அது பாதிதான் புரிந்தது.

உங்கள் மனைவி மைமூன் அக்காவோடு நீங்கள் பேசுகிற போனையும் நான் விட்டுவைக்கவில்லை. அந்தப் புத்தகங்களை அதிராம்பட்டினத்தில் அவர்தான் முதலில் படிப்பார். படித்து முடித்து, லீவு முடிந்து வருகிற யார் பெட்டியிலாவது கொடுத்து அனுப்புவார். பிறகு நீங்கள் படிப்பீர்கள். பிறகு இரண்டு பேரும் போன் கார்டு போட்டுப் பேசுவீர்கள். ஊர் விசாரணை கிடையாது, நாட்டு விசாரணை கிடையாது. அவள் ஏன் அந்தக் கடிதத்தைக் கிழித்தாள், அவன் ஏன் பஸ்ஸை விட்டு இறங்கவில்லை. இதே பேச்சு.

"மச்சான், அந்தப் புள்ளைக்கு ரேசன் கார்டுல பேர் சேத்துட்டீங்களா?" என்று கேட்டேன் ஒரு நாள்.

நீங்கள் சிரித்துவிட்டுச் சொன்னீர்கள். "'அவன் திரும்பி வருவான்னு அவளுக்கு எப்புடித் தெரியும்'ன்னு மைமூன் கேக்குறா. முடிவு வரைக்கும் படிச்சவ அவ. தெரிஞ்சுக்கிட்டேதான் கேக்குறா."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"வருவான்டின்னேன்."

என் போன் எப்படி இருக்கும் என்று உங்களுக்குத்தான் தெரியுமே. ஐந்து நிமிடம். நான் ஏதாவது வேடிக்கையாகச் சொல்லுவேன். வசந்தா "ம்" என்பாள். இன்னொன்று சொல்லுவேன். "ம், வச்சிரவா, மிசின்ல துணி கெடக்கு" என்பாள். அவள் தையல் தைக்கிறாள். தெருவிலே பாதி ரவிக்கை அவள் கையில் தைத்ததுதான். இத்தனை பேரைச் சிரிக்க வைக்கிறவனுக்குப் பெண்டாட்டியை ஒரு தரம் சிரிக்க வைக்கத் தெரியவில்லை.

போன லீவில் நடந்ததை உங்களிடம் சொன்னேன். ரெண்டரை வருடம் ஆகிறது.

எங்கள் வீட்டு பீரோவில் எனக்கென்று ஒரு வெள்ளைத் துண்டு உண்டு. பூச்சி உருண்டை போட்டு வைத்திருப்பாள். நான் லீவில் போகிற அன்றைக்கு வெளியே வரும், நான் கிளம்பின மறுநாள் துவைத்து உள்ளே போய்விடும். எனக்கென்று தனித் தட்டு. புதுப் போர்வை. முன்பெல்லாம் அது எனக்குப் பெருமையாக இருந்தது. அந்த லீவில் ஒரு நாள் தாகம் எடுத்து அடுப்படிக்குள் போனேன். டம்ளர் எங்கே இருக்கிறது என்று தெரியவில்லை. ஒவ்வொரு டப்பாவாகத் திறந்து பார்த்தேன். மகள் வந்து, "அப்பா, என்ன தேடுறீங்க, சொல்லுங்க, நான் எடுத்துத் தர்றேன்" என்றாள். கடைக்கு வந்த ஆளிடம் கேட்கிற மாதிரி.

அதற்கு மறுநாள்தான். நான் குளிக்கப் போனவன், சோப்பை மறந்துவிட்டுத் திரும்பி வந்தேன். கொல்லைப் பக்கம் வசந்தா பக்கத்து வீட்டு அம்மாவிடம் பேசிக்கொண்டிருந்தாள். "இன்னும் பத்து நாளுதான் அக்கா. பல்லக் கடிச்சுக்கிட்டு ஓட்டிரலாம்." நான் சோப்பை எடுக்காமலேயே போய்க் குளித்தேன். அந்த வெள்ளைத் துண்டில் முகம் துடைத்தபோது பூச்சி உருண்டை வாசம் தொண்டைக்குள் இறங்கியது.

திரும்பி வந்து உங்களிடம் சொன்னபோது நீங்கள் கையில் இருந்த புத்தகத்தை மூடி வைத்தீர்கள். பிறகு சொன்னீர்கள்.

"கதவுக்கு வெளிய நின்னு பாதியக் கேட்டுட்டு மூஞ்சியத் தூக்கிக்கிட்டு வந்துருக்க. இத்தன வருசமா எவன வாயில கொழுக்கட்டையான்னு கேட்ட?"

"இது கதை இல்ல மச்சான்."

"அதான் சொல்றேன். கதைன்னா அந்தம்மா பாத்துக்குவாங்க. இதுல நீதான் கேக்கணும். கேளு மாப்ளே."

கேட்கவில்லை. அடுத்த வாரம் கேட்கிறேன் என்றேன். பெருநாள் முடியட்டும் என்றேன். நீங்கள் ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் மேலிருந்து காலால் என் கட்டில் கம்பியைத் தட்டி, "கேட்டியா?" என்பீர்கள். நான் குறட்டை விடுகிற மாதிரி நடிப்பேன்.

அப்புறம் ஆகஸ்ட் மாதம் வந்தது. ஒரு வண்டியின் பம்பருக்குச் சிவப்புப் பிரைமர் முதல் கோட்டு அடித்துவிட்டு, "இது காயிறதுக்குள்ள வந்துடுறேன்" என்று நெஞ்சைத் தடவிக்கொண்டு நிழலில் போய் உட்கார்ந்தீர்கள். பிரைமர் காய்ந்துவிட்டது. நீங்கள் எழுந்திருக்கவில்லை. அக்கா இங்கேயே அடக்கிவிடச் சொல்லிவிட்டார். எல்லோரும் மண் தள்ளினார்கள், நானும் தள்ளினேன். ஒரு கல், அதில் ஒரு நம்பர். அந்த நம்பரை நான் மனப்பாடம் செய்து வைத்திருக்கிறேன்.

மூன்று வெள்ளிக்கிழமை ரூமில் யாரும் பேசவில்லை. நாலாவது வெள்ளிக்கிழமை சண்முகம் சட்டையை மடித்து வைத்துவிட்டுப் பொதுவாகக் கேட்டார். "அந்தப் புள்ள என்ன ஆனா?"

நான் ஏறி உங்கள் தலையணைக்கு அடியிலிருந்து புத்தகத்தை எடுத்தேன். நீங்கள் மூலையை மடித்து வைத்திருந்தீர்கள். அந்த இடத்திலிருந்து எழுத்துக் கூட்டிப் படித்தேன். இரண்டு பக்கத்துக்கு ஒரு மணி நேரம். "அவள் விம்மினாள்" என்பதை நான் படித்து முடிப்பதற்குள் அவள் விம்மி, முகம் கழுவி, சமைத்துமிருப்பாள். ஆனால் யாரும் எழுந்து போகவில்லை. தப்பாகப் படித்தால் திருத்தினார்கள். அந்த ஒரு புத்தகம் மாசி மாதம் வரைக்கும் வந்தது. பிறகு உங்கள் தலைமாட்டில் இருந்த மற்றவற்றையும் தனியாகப் படிக்க ஆரம்பித்தேன். இப்போது ஓரளவு வேகம் வந்துவிட்டது.

அந்தக் கதையில் வந்த துபாய் மாப்பிள்ளை நல்லவனாகத் தெரிகிறான், இவனாவது ஜெயிக்கட்டும் என்று நீங்கள் சொல்லிக்கொண்டிருந்தீர்கள். சொல்லிவிடுகிறேன் மச்சான். ஜெயிக்கவில்லை. ஆனால் கடைசிக்கு முந்தின பக்கத்தில், அவனுக்குக் கதாநாயகியின் சிநேகிதி, டைப் அடிக்கிற பெண், தானாக வந்து காபி கொடுக்கிறாள். நாலே வரி. அவன் காபியைக் குடித்துவிட்டு, "சர்க்கரை போதும்" என்கிறான். அவ்வளவுதான் அவனுக்கு. ரூமில் எல்லோரும் அதை இன்னொரு தரம் படிக்கச் சொன்னார்கள்.

இப்போதுதான் பயத்தைப் பற்றிய உங்கள் பேச்சின் மறுபாதி எனக்குப் புரிகிறது. கேன்சல் ஆன அன்று வசந்தாவுக்குப் போன் போட்டேன். "ஒரேயடியா வர்றேன்" என்றேன். அந்தப் பக்கம் தையல் மிசின் சத்தம் நின்றுவிட்டது. வேடிக்கையாக ஏதாவது சொல்லலாம் என்று பார்த்தேன், ஒன்றும் வரவில்லை. ரொம்ப நேரம் கழித்து, "சரி, வாங்க" என்றாள். அந்த "சரி"யை நான் ஒரு மாதமாகத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறேன். பத்து நாளுக்கே பல்லைக் கடித்தவள் மிச்சக் காலத்துக்கு எதைக் கடிப்பாள்?

இந்தப் பயத்தோடு உங்கள் புத்தகத்தைத் திறந்தால் மூச்சு விட முடிகிறது. அதில் அவனும் நடுங்குகிறான், அவளும் நடுங்குகிறாள். நானும் கூடவே நடுங்கிக்கொள்கிறேன். பத்துப் பக்கம் போனால் யாராவது ஒரு அத்தை வந்து சமோசா கொடுத்துச் சிரிக்க வைத்துவிடுவாள். மூடி வைத்தால் மறுபடியும் என் பயம் எனக்கு வந்துவிடும். ஆனால் கொஞ்சம் இளைத்துப்போய் வரும். பெண்கள் படிக்கிற புத்தகம் என்று எத்தனை கிண்டல் செய்தேன். பயந்தவர்கள் படிக்கிற புத்தகம் என்று அட்டையில் போட்டிருந்தால் முதல் நாளே ஏறி உங்கள் பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன்.

போன செவ்வாய்க்கிழமை மைமூன் அக்கா போன் செய்தார். நான் வரப் போவது அவருக்கும் தெரிந்திருக்கிறது. புத்தகங்களைக் கொண்டுவரட்டுமா என்று கேட்டேன்.

"மத்ததெல்லாம் ரூம்லயே இருக்கட்டும் தம்பி, யாராச்சும் படிப்பாக. கடேசியா வச்சிருந்தாகல்ல, அத மட்டும் கொண்டாங்க. எந்த எடத்துல நிப்பாட்டுனாகன்னு மடிச்சிருப்பாக. அந்த மடிப்பப் பிரிச்சுப்புடாதீங்க."

சரி அக்கா என்று சொல்லிவிட்டுப் புத்தகத்தை எடுத்துப் பார்த்தேன். நான் ஒவ்வொரு வாரமும் விட்ட இடத்தில் மூலையை மடித்திருக்கிறேன். வீட்டுப்பாடம் மாதிரி முன்னால் போய்ப் பழைய பக்கங்களையும் படித்துப் பழகி, அங்கேயும் மடித்திருக்கிறேன். புத்தகம் முழுக்க மடிப்பு. உங்கள் மடிப்பு எது, என் மடிப்பு எது? ஒரு மனுஷிக்கு மிச்சமிருந்த ஒரே சொத்தைக் கெடுத்துவிட்டேன் என்று கட்டிலில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

சண்முகம்தான் புத்தகத்தை வாங்கி வெளிச்சத்தில் பிடித்தார். "இங்க பாரு பன்னீரு" என்றார். பக்கத்துக்குப் பக்கம், வலது மூலையில், உங்கள் பெருவிரல். ஒன்றில் வெள்ளை. ஒன்றில் நீலம். அறுபத்தோராம் பக்கத்தில், அந்தக் கடைசி வாரம் முழுக்க நீங்கள் அடித்த சிவப்புப் பிரைமர், ரேகைகூடத் தெரிகிறது. அதற்குப் பிறகு உங்கள் விரல் இல்லை. அறுபத்திரண்டிலிருந்து கறுப்பு கிரீஸ் மட்டும். தகரம் தட்டுகிற என் கை.

அந்தச் சிவப்பைப் பார்த்துக்கொண்டே இருந்தேன் மச்சான். முடிவு எப்படியிருக்கும் என்று தெரிந்த கதையைக்கூட உங்களுக்கு முடிக்கக் கொடுத்துவைக்கவில்லை. நான் எந்தத் தைரியத்தில் அடுத்த வாரம், அடுத்த வாரம் என்று இருந்தேன்?

இன்றைக்கு வெள்ளிக்கிழமை. சாப்பாடு முடிந்ததும் ஒரு புதுக் கார்டைச் சுரண்டிக்கொண்டு மொட்டை மாடிக்குப் போனேன். தண்ணீர்த் தொட்டி நிழலில் நின்று போன் போட்டேன். அவள் எடுத்தாள். நான் வேடிக்கை எதுவும் சொல்லவில்லை.

"வசந்தா, ஒண்ணு கேக்கணும். போன லீவுல, கொல்லையில நின்னு, இன்னும் பத்து நாளுதான், பல்லக் கடிச்சுக்கிட்டு ஓட்டிரலாம்ன்னு சொன்ன."

அந்தப் பக்கம் மிசின் நின்றது.

"கேட்டுட்டீங்களா?"

"சோப்பு எடுக்க வந்தேன்."

நாவலில் இந்த இடத்தில் அவள் சொல்லுவாள், ஐயோ அது உங்களைப் பற்றி இல்லை, வேறு யாரையோ சொன்னேன் என்று. நானும் அதற்காகத்தான் காத்திருந்தேன் மச்சான். தொட்டியைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தேன்.

"ஆமா. சொன்னேன். உங்களத்தான் சொன்னேன்."

நான் போனைக் காதோடு அழுத்திக்கொண்டேன்.

"நீங்க வந்தா எனக்கு என் வீட்டுலயே கால் நீட்ட முடியல. மூணு வேளையும் கறியும் மீனும், வந்து போறவுகளுக்குக் காப்பி, தைக்கக் குடுத்த துணி மல மாதிரி கெடக்குது. நீங்களும் ஒரு வேல சொல்ல மாட்டேங்குறீங்க, ஒரு வேல செய்ய மாட்டேங்குறீங்க. சிரிப்பு காட்டிக்கிட்டே உக்காந்திருக்கீங்க. விருந்தாளியோட எத்தன நாள் குடும்பம் நடத்துறது? ரெண்டரை வருசமா இத வயித்துல வச்சுக்கிட்டா போன்ல கத சொல்லிக்கிட்டு இருந்தீங்க?"

"பயமா இருந்துச்சு. இப்பவும் பயமாத்தான் இருக்கு."

"எனக்கு மட்டும் இல்லையா? உங்களுக்குக் காரம் ஆகுமா ஆகாதான்னே எனக்குத் தெரியாது. வச்சத நல்லாருக்கு நல்லாருக்குன்னு தின்னுட்டுப் போயிருவீங்க."

"ஆகாது" என்றேன். பதினெட்டு வருடத்தில் முதல் தடவையாகச் சொன்னேன். "நீ வைக்கிற மீன் கொழம்பு சாப்பிட்டா எனக்குக் காது அடைச்சுக்கும்."

மச்சான், அவள் சிரித்தாள். நான் வேடிக்கைக்குச் சொல்லவில்லை. அதற்குத்தான் சிரித்தாள். சிரித்து முடித்துவிட்டு மூக்கை உறிஞ்சினாள்.

"அந்த வெள்ளத் துண்டு இருக்குல்ல" என்றாள். "நீங்க கேன்சல்ன்னு சொன்ன அன்னைக்கே பீரோலேருந்து எடுத்துட்டேன். இப்ப கொடியிலதான் கெடக்கு. நான்தான் அதுல தலை துவட்டுறேன். ரெண்டு எடத்துல நூல் பிரிஞ்சு போச்சு."

அந்த நேரம் பார்த்துப் போனுக்குள் அந்தப் பெண்குரல் வந்துவிட்டது, இன்னும் ஒரு நிமிடம்தான் இருக்கிறது என்று. கதையில் என்றால் அவன் அந்த ஒரு நிமிடத்தில் எவ்வளவோ சொல்லுவான். நான் கேட்டது இதுதான்.

"வசந்தா, டம்ளர் எங்க வப்ப?"

"அடுப்புக்கு வலப் பக்கம். ரெண்டாவது தட்டு. கவுத்து வச்சிருப்பேன், எடுத்தா திரும்பவும் கவுத்து..."

கார்டு முடிந்துவிட்டது.

பயம் போய்விட்டது என்று உங்களிடம் பொய் சொல்ல மாட்டேன். அவளுக்கும் பயம் என்று தெரிந்ததில் என் பயம் இரட்டிப்பாகிவிட்டதா, பாதியாகிவிட்டதா என்றும் தெரியவில்லை. ஊரில் எனக்கு என்ன வேலை, அவள் மிசினுக்கு எதிரே நான் எங்கே உட்காருவது, ஒன்றும் தெரியாது. டம்ளர் எங்கே இருக்கிறது என்று மட்டும் தெரியும். கீழே இறங்கி வந்து, மத்தியானம் மிச்சம் வைத்த சோற்றைத் தின்றேன். "சண்முகம், நேத்து உன் கொழம்புல உப்பே இல்ல, கடல்காரன் பேரக் கெடுக்காத" என்றேன். "வந்துட்டான்டா" என்றார் அவர்.

மச்சான், நாளைக்குக் காலையில் வந்து உங்கள் கல்லுக்குப் பக்கத்தில் உட்காருவேன். அறுபத்திரண்டிலிருந்து முடிவு வரைக்கும் உங்களுக்குப் படித்துக் காட்டிவிட்டுத்தான் விமானம் ஏறுவேன். இப்போது வேகமாகப் படிப்பேன், உங்களுக்கு அலுக்காது. அந்தக் காபி கொடுக்கிற இடத்தை இரண்டு தரம் படிப்பேன். ஊருக்குப் போன மறுநாள் வசந்தாவையும் கூட்டிக்கொண்டு அதிராம்பட்டினம் போய், மைமூன் அக்கா கையில் புத்தகத்தைக் கொடுத்து, சிவப்பு விரல் இருக்கிற பக்கத்தைப் பிரித்துக் காட்டுவேன். அதற்குப் பிறகு இருக்கிற கறுப்பெல்லாம் என்னுடையது என்று சொல்லி மன்னிப்புக் கேட்பேன்.

இன்னொரு வாக்கும் தருகிறேன். வீட்டில் எதையாவது பாதி கேட்டால், மீதியை அன்றைக்கே உள்ளே போய்க் கேட்டுவிடுவேன். எழுபது பக்கம் இழுக்க மாட்டேன்.

கேட்டியா என்று இனி நீங்கள் கம்பியைத் தட்ட வேண்டாம். கேட்டுவிட்டேன் மச்சான்.

இப்படிக்கு,
கீழ்க் கட்டிலில் குறட்டை விடுகிற மாதிரி நடித்த உங்கள் மாப்ளே
பன்னீர்